நடக்கப் போவதென்றால் காலியா, கற்பிட்டியா?

வெள்ளிக்கிழமையில் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) விழுந்தால் போதும், கொழும்புக் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவில் இந்த வழக்கு எழும்பிவிடும். காலி இலங்கையின் தெற்கே, கற்பிட்டி வடமேற்கே; இரண்டும் கடலுக்குள் நீட்டிய நிலம், இரண்டிலும் ஒல்லாந்தர் கோட்டை. ஒற்றுமை அதோடு சரி.

காலிக் கோட்டை மதிலின் மேல் ஒரு சுற்று ஏறத்தாழ 3 கி.மீ. வெயில் தாழ நாலு மணிக்குமேல் கலங்கரை விளக்கத்தடியில் தொடங்குங்கள். இப்போதுள்ளது 1939இல் கட்டியது, எதிரே வெள்ளை வெளேரென்று மீரா பள்ளிவாசல். அங்கிருந்து கொடிப்பாறை வழியாக மணிக்கூட்டுக் கோபுரத்தை நோக்கி நடந்தால், பொழுது படும் நேரம் மேற்கு மதிலில் நிற்பீர்கள். மதிலில் நிழல் கிடையாது. மத்தியானத்தில் ஏறுவது வீண் வேலை. 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையப் பக்கம் சின்னாபின்னமானபோது உள்ளேயிருந்த தெருக்களைப் பெருமளவு காத்ததும் இந்த மதில்தான்.

காலியின் பெரிய வசதி, களைத்தவர் எந்த இடத்திலும் நடையை விட்டு இறங்கி ஒரு தெருவுக்குள் புகுந்துவிடலாம். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பாரே! கோட்டைக்குள் சாப்பாட்டு விலை வெள்ளைக்காரருக்குப் போட்டது, பசிக்கு வெளியே வாருங்கள். போகும்போது ரயிலில் வலப்பக்க யன்னலைப் பிடித்தால் வழியெல்லாம் கடல்.

கற்பிட்டியை முழுக்க நடந்து பார்ப்போம் என்பது வாய்ச்சவடால். புத்தளத்தை அடுத்த பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி ஊருக்கே சுமார் 40 கி.மீ. வான் பிடித்துப் போய், ஒரு துண்டைத் தெரிந்து நடக்க வேண்டும். என் தெரிவு தலவில புனித அன்னம்மாள் கோயிலடிக் கடற்கரை. மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணலில் வெங்காயமும் மிளகாயும். வழி கேட்பது, மீன் விலை பேசுவது எல்லாம் தமிழிலேயே நடக்கும். காலியில் அது குறைவு. கற்பிட்டிக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் நினைத்தபடி நுழைய முடியாது.

மே முதல் செப்டெம்பர் வரை அங்கே அடிக்கும் காற்று பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்க (கைட் சர்ஃபிங்) வருபவருக்குக் கொண்டாட்டம், நடப்பவருக்குக் கண்ணெல்லாம் மண். அந்த மாதங்களில் காலியிலும் மழைதான், ஆனாலும் ஒதுங்க இடம் உண்டு.

ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் நான் காலிக்குத்தான் கை தூக்குவேன். இரண்டு இரவும் வான் காசைப் பங்குபோட ஆளும் இருந்தால் கற்பிட்டி, அதுவும் டிசெம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்: விடிய டொல்பின் பார்க்கப் படகு, பின்னேரம் நடை. மார்ச்சில் தலவில திருவிழா நாட்களை மட்டும் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைக்காது.