மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும் ஆலோசனை அறை

பொது மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு பயிலும் நான், எங்கள் கல்லூரி முதுநிலை மாணவர்களுக்கென நடத்தும் மனநல ஆலோசனைச் சேவையை ஏழு மாதங்களில் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆலோசகரைக் குறை சொல்ல ஏதுமில்லை. முப்பது மணி நேர டூட்டி முடித்து முதல் முறை சென்ற அன்று, பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிவிட்டேன். அவர் எழுப்பாமல் மின்விசிறியைக் குறைத்து வைத்துவிட்டு, நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில்தான் மேசையை மெல்லத் தட்டினார். அந்த அரைமணித் தூக்கத்துக்கு இணையான சிகிச்சை அதன்பின் எனக்குக் கிடைக்கவில்லை.

சிக்கல் எல்லாம் அறை திறந்திருக்கும் நேரத்தில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என்றால், அப்போது நாங்கள் ரவுண்ட்ஸிலோ ஓபியிலோ நின்றுகொண்டிருப்போம். முன்பதிவுப் படிவத்தில் யூனிட் தலைவரின் கையொப்பமும் வேண்டும். டூட்டிப் பட்டியல் போடுபவரிடமே போய், அந்தப் பட்டியலால் சோர்ந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு மன அழுத்தம் குறைக்கும் யோகா வகுப்பு. வருகைப் பதிவு கட்டாயம்.

கல்லூரி கையேட்டில் விதிகள் அழகாகவே அச்சாகியுள்ளன. 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்துடன் தற்செயல் விடுப்பும் வாரம் ஒருநாள் ஓய்வும் தருகிறது. ஆனால் அந்த ஓய்வைப் பணியின் அவசரத்துக்கு உட்பட்டதாக்கி, வேலை நேரத்தை 'நியாயமான' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறது. 1992இல் மத்திய அரசின் உறைவிட மருத்துவர் (மருத்துவமனையில் பணிபுரிந்தபடியே முதுநிலை பயில்பவர்) திட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ 74: ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்து மணி நேரப் பணி, ஒருநாள் ஓய்வு. அதுவே எங்களுக்குச் சலுகையாகத் தெரிகிறது. என் சென்ற வாரக் கணக்கு 96.

இரவு இரண்டு மணிக்கு மனம் கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, நாள் முழுதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நான் வார்டு மாடிப்படியில் அமர்ந்து பேசியிருக்கிறேன்.

ஆலோசகருக்கு ஐந்துக்கு ஐந்து, சேவைக்கு இரண்டு. கையொப்பத்தை நீக்கி, இரவு எட்டு முதல் பத்து வரை அறையைத் திறந்து வைத்தால் மூன்றாம் முறையும் போவேன்.