ஆறு மாதமும் மாறாத எண்கள்: கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்து, அதன் கருவிகளைப் பராமரிக்கும் வேலையை வெளியார் ஒருவரிடம் ஒப்படைத்திருப்பவர்கள், அடுத்த முறை அவர் வரும்போது அருகில் நின்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் ஓராண்டுக்கான தொகையை முன்பணமாகக் கொடுத்து ஒருவரை அமர்த்தியிருந்தேன். மாதம் ஒரு முறை அவர் வந்து சென்ற பின் கண்ணாடி பளிச்சென்று இருக்கும்; நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பை கழுவப்பட்டிருக்கும்; குறிப்பேட்டில் எண்கள் எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் எதையும் நான் திறந்து பார்க்கவில்லை.

ஆறாம் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நத்தைகள் இறந்தன. பவளங்களின் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. குறிப்பேட்டைப் புரட்டியபோது ஆறு வருகைகளிலும் உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, காரத்தன்மை 8.5 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), வெப்பநிலை 26 பாகை என்று அச்சடித்தாற்போல் இருந்தது. பவளங்கள் தம் கூட்டைக் கட்டுவதற்கு நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் நாள்தோறும் எடுத்துக்கொள்பவை. அவை வளரும் தொட்டியில் காரத்தன்மை ஆறு மாதமும் ஒரே புள்ளியில் நின்றதாக எழுதியிருந்தால், அது அளந்து எழுதிய எண் அன்று. நான் சோதித்தபோது 6.1 தான் இருந்தது. காரத்தன்மையை ஈடுகட்டும் கரைசலை அளவாகத் தொட்டியில் செலுத்தும் டோசிங் பம்ப்பை 10 மில்லிலிட்டருக்கு அமைத்து அளவுக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். 4 மில்லிலிட்டர்தான் வந்தது. உள்ளே இருந்த ரப்பர் குழாய் நைந்து போயிருந்தது.

அடுத்து, ஒரு துளி நீரைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். 35 உப்பளவுள்ள அளவீட்டுக் கரைசலில் ஒரு துளி விட்டால் அது 31 காட்டியது. அப்படியானால் அவர் உண்மையிலேயே அளந்திருந்தாலும், 35 என்று எழுதிய நாளில் நீர் 39ஐ எட்டியிருக்கும். இந்தக் கருவியை வெறும் தூய நீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்வதோடு நிறுத்தாமல், நாம் உண்மையில் அளக்கும் உப்பளவை ஒட்டிய கரைசலிலும் சரிபார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும்.

எனக்கு மிகுந்த வேதனை தந்தது நீர்வடிகட்டிதான். அதிலுள்ள ஆர்ஓ மெம்பிரேன் (உப்புகளைத் தடுக்கும் சவ்வு), குளோரினை நீக்கும் கார்பன், எஞ்சிய அயனிகளை ஈர்க்கும் டிஐ ரெசின் மூன்றையும் மாற்றியதாகச் சொல்லித் தனியாகப் பணம் பெற்றிருந்தார். ஆனால் மெம்பிரேன் கூட்டின் மூடியில், மரையை ஒட்டிப் படிந்திருந்த வெண்ணிறக் கசடு சிறிதும் உடைபடவில்லை. அந்த மூடி திறக்கப்படவே இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. டிஐ நிலையைக் கடந்து வரும் நீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள பொருள்களின் அளவு) 0 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 38 காட்டியது. தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே; அதை ஈடுகட்ட நாம் தினமும் ஊற்றும் நீரில் செம்போ பாஸ்பேட்டோ சிலிக்கேட்டோ இருந்தால், அது வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் சிறிதளவு செம்புகூட நஞ்சு. கார்பனை மாற்றாமல் விட்டால் குழாய்நீரின் குளோரின் மெம்பிரேனையே கெடுத்துவிடும் என்பதால், அந்த ஏமாற்று ஒரு பாகத்தோடு நிற்பதும் இல்லை.

ஸ்கிம்மரின் காற்றுக்குழாய் வாயில் உப்பு இறுகி, நுரை மெலிந்திருந்தது. நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பின் இம்பெல்லர் (சுழலும் விசிறி) மேல் சுண்ணாம்புப் படலம் கெட்டியாக ஒட்டியிருந்தது. சம அளவு வினிகரும் நீரும் கலந்து சில மணி நேரம் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்கு அலசியதும் அது கழன்றது. சோப்பைத் தொடவே கூடாது.

கேட்டதற்கு, ரெசின் தரமற்றதாக வந்திருக்கலாம் என்றார். திறக்கப்படாத மூடியின் படத்தை அனுப்பிய பிறகு பதில் இல்லை, முன்பணமும் திரும்பவில்லை.

ஆகவே, பாகம் மாற்றியதாகச் சொன்னால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். புதியதன் மேல் தேதியை நீங்களே எழுதுங்கள். அளவீடுகளை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். டிடிஎஸ் மீட்டரும் காரத்தன்மைச் சோதனைப் பெட்டியும் உங்களிடமே இருக்கட்டும். உப்பளவு மிகுந்திருப்பதைக் கண்டால் ஒரே நாளில் இறக்கிவிட வேண்டாம்; திடீர் மாற்றம் மீதமுள்ள உயிர்களையும் வதைக்கும். நான் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாக 35க்குக் கொண்டுவந்தேன். இப்போது வடிகட்டியில் டிடிஎஸ் 0 வருகிறது. வெளுத்த பவளங்களில் ஒன்று மீண்டும் நிறம் பிடிக்கிறது, மற்றவை பிழைக்கவில்லை.