கிணற்றுக் கயிற்றை ஒட்டுப் போட எந்த முடிச்சு? 7 வருட அனுபவம்

எங்கள் வீட்டில் மோட்டார் இருந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் இன்னும் கிணற்றில் இறைக்கிற தண்ணீர்தான். சித்திரை பிறந்தால் நீர் மட்டம் இறங்கிவிடும், கயிறு எட்டாது. இரண்டு மாதத்துக்காக முழுக் கயிறு வாங்க மனசு வராது. பழைய துண்டு ஒன்றை ஒட்டுப் போட்டுத்தான் ஓட்டுவோம்.

முதல் வருடம் நான் போட்டது ரீஃப் நாட். வலது மேல் இடது, இடது மேல் வலது என்று பள்ளிச் சாரணர் வகுப்பில் படித்தது. தட்டையாக அழகாக இருக்கும், இழுத்தால் இறுகும். ஆனால் வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிறு தொய்கிறது, சுவரில் உரசுகிறது. அப்போது ஒரு நுனி இழுபட்டால் போதும், அந்தக் கயிறு நேராகிவிடும், மற்றது அதன் மேல் வளையமாகச் சுற்றி நின்று வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பத்தாம் நாள் அம்மா இறைக்கும்போது வாளி உள்ளே போய்விட்டது. நாலு வீடு தள்ளிச் செம்பை ஈடு வைத்துப் பாதாளக் கரண்டி வாங்கி வந்து, அரை மணி நேரம் துழாவி எடுத்தோம். முடிச்சுகளைத் தொகுத்து 1944இல் பெரிய நூல் வெளியிட்ட கிளிஃபர்ட் ஆஷ்லி, இரண்டு கயிறுகளை இணைக்க இதைப் போடவே கூடாது என்று எச்சரித்திருக்கிறார். பொட்டலம் கட்டவும் காயத்துக்குத் துணி கட்டவும் மட்டும்தான் இது.

அடுத்து ஷீட் பெண்ட். பெயர்தான் புதிது. தறியில் அறுந்த இழையை நெசவாளர்கள் முடிவதும், மீன் வலையின் கண்ணில் விழுவதும் அமைப்பில் இதே முடிச்சுதான். தடிமனான கயிற்றை மடித்துப் பிடித்து, மெல்லியதை மடிப்புக்குள் நுழைத்து, பின்பக்கம் சுற்றி, அந்த மெல்லிய கயிற்றின் அடியிலேயே செருக வேண்டும். தேங்காய் நார்க் கயிற்றோடு நைலானைச் சேர்க்க இது நன்றாக உதவியது, ஆனால் ஒற்றைச் சுற்று மட்டும் போதவில்லை. தொய்ந்து தொய்ந்து ஒரு வாரத்தில் தளர்ந்தது. இரண்டு சுற்றுப் போட்டதும் அந்தக் கோடை முழுக்கத் தாங்கியது.

பிறகு இரண்டுமே நைலான் ஆனது. நைலான் வழுக்கும். அதற்கு டபுள் ஃபிஷர்மேன்ஸ்தான் சரி. நுனிகளை எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றக் கயிற்றின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தால், இரண்டு முடிச்சும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பார்த்தால் பெருக்கல் குறி இரண்டு தெரியும், மறுபக்கம் கோடுகள் இணையாகப் படுத்திருக்கும். அப்படித் தெரியாவிட்டால் அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். நுனி விரல் நீளமாவது நீண்டிருக்கட்டும். நான்கு வருடமாக எங்கள் கயிற்றில் இருப்பது இந்த ஒட்டுதான், ஒரு முறைகூட நழுவியதில்லை. குறை ஒன்று உண்டு: நனைந்து இறுகினால் அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அப்புறம், ஒட்டைக் கைப்பக்கம் போடுங்கள். வாளிப் பக்கம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் உருளையில் இடிக்கும்.

அவிழ்க்க வேண்டிய இடத்துக்கு, அதாவது வைக்கோல் பாரம், தார்ப்பாய் கட்டுவதற்கு, செப்பெலின் பெண்ட். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு கயிற்றில் 6 போல, மற்றதில் 9 போல வளையம். 6இன் நுனி தன் கயிற்றின் மேலே, 9இன் நுனி அடியில். 6ஐ 9 மேல் வைத்து, மேல் நுனியைக் கீழே சுற்றி அடியிலிருந்தும், கீழ் நுனியை மேலே சுற்றி மேலிருந்தும் நடுத்துளைக்குள் விட வேண்டும். நாள் முழுக்க இறுகிக் கிடந்தாலும் இருபுறமும் கயிறு வளைந்து நிற்கிற கழுத்தைக் கட்டை விரலால் பின்னுக்குத் தள்ளினால் இளகிவிடும். கை பழக எனக்கு ஒரு வாரம் ஆனது.

தூர் வார ஆள் இறங்கும்போது மட்டும் எங்கள் வீட்டில் ஒட்டுப் போட்ட கயிறு கிடையாது. எந்த முடிச்சானாலும் அது விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் கணிசமாகக் குறையும். அதற்கென்று முழுக் கயிறு ஒன்று வாங்கி, வெயில் படாமல் பரணில் சுருட்டி வைத்திருக்கிறேன்.