கொழிஞ்சாம்பாறை ஸ்விஃப்டும் மூன்று சைலன்சர்களும்

என்னிடம் உள்ளது 2012ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார், 1,197 சி.சி. எஞ்சின். செகண்ட் ஹேண்டாக வாங்கியபோதே முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை இரண்டு விரல் அளவு தாழ்த்தி, அகலமான டயர்களையும் பெரிய ஏர் ஃபில்டரையும் பூட்டியிருந்தார். வீடு கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில், வேலை தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் என்பதால் கோபாலபுரம் வழியாக நாள்தோறும் மாநில எல்லையைக் கடக்கும் வண்டி இது. சென்ற ஆண்டு பின்பக்கச் சைலன்சரின் மடிப்பு ஓரத்தில் துரு ஏறி ஓட்டை விழுந்தது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சைலன்சர் நன்றாகச் சூடேறினால்தான் வெளியேறும். அடுத்த தெருக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் நாட்களில் அது உள்ளேயே தண்ணீராகத் தங்கித் தகட்டைத் தின்றுவிடும். விடுமுறை நாட்களில் என் கார் அப்படித்தான் ஓடியது.

முதலில் வாங்கியது, கோயம்புத்தூரில் ஒரு கடையில் கிடைத்த நேர்க்குழாய்ச் சைலன்சர். உள்ளே துளையிட்ட ஒரே குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, வெளியே பளபளக்கும் உருளை. அவ்வளவுதான் அதன் அமைப்பு. புகை தடையின்றிப் போவதால் இழுவை கூடும் என்றார்கள். எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 வகை என்பதற்குச் சான்றாகக் காந்தத்தை ஒட்டிக் காட்டினார்கள், ஒட்டவில்லை. ஆனால் விலை குறைந்த 202 வகையிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது என்பதால், அந்தச் சோதனை வாங்குபவரின் மனத்தைத் தேற்றுமே தவிர வேறெதையும் நிறுவாது.

கடை வாசலில் எஞ்சினை உறுமவிட்டபோது அந்தச் சத்தம் எனக்கும் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாலைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. என் காரில் ஐந்தாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏறத்தாழ 2,500இல் நிற்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிதல் நிகழும் என்பதால், நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 83 அதிர்வு. கண்ணாடி இழைப் பஞ்சு கீச்சொலியை நன்றாக உறிஞ்சும். இவ்வளவு தாழ்ந்த ஒலியை அதனால் பெரிதாக அடக்க முடியாது. பின்பெட்டி தனியாக அடைபடாத ஹேட்ச்பேக் வண்டியின் உட்புறம் அந்த ஒலிக்குத் தவில் போல அமைந்துவிடுகிறது. நாட்டுக்கல் தாண்டி ஆளில்லாத நேர்ச்சாலையில் கால் மணி நேரம் ஒரே வேகத்தில் போனால் காதுக்குள் ரீங்காரம் நிற்காது. பின்னிருக்கையில் வந்த என் மாமியார், அடுத்த முறை பேருந்திலேயே வந்துவிடுவதாக மிகப் பணிவாகச் சொன்னார். ஆகவே சைலன்சர் வாங்குவோர் கடை வாசலில் நின்று கேட்டு முடிவெடுக்க வேண்டாம். தாம் வழக்கமாக ஓட்டும் வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாகப் பூட்டியது அறைத் தடுப்பு வகை. இதில் பஞ்சு கிடையாது. உள்ளே உள்ள தகட்டுத் தடுப்புகளில் ஒலியலைகள் மோதித் திரும்பி, ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். ரீங்காரம் குறைந்தது. ஆனால் அது பெரிய எஞ்சின்களுக்கான இரண்டரை அங்குல வாய் கொண்டது. என் வண்டியின் ஒல்லியான குழாயோடு அதை ஒரு கூம்பு வைத்து வெல்டிங் செய்தார்கள். இந்த அளவு எஞ்சினுக்கு இரண்டு அங்குலமே தாராளம். அதற்கு மேல் அகலப்படுத்துவதால் சத்தத்தின் நிறம் மாறுமே தவிர இழுவை கூடுவதில்லை. போதாக்குறைக்கு, தாழ்த்திய வண்டியில் அந்தப் பருத்த பெட்டி வேகத்தடைகளில் உரசியது.

மூன்றாவது முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தவர் பொள்ளாச்சியில் சைலன்சர் வேலை மட்டுமே செய்யும் பட்டறைக்காரர் ஒருவர். "உங்களுக்குச் சத்தம் வேணுங்களா, இழுவை வேணுங்களா?" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். இழுவை என்றதும் பின்பக்கம் பாராமல் வண்டியைத் தூக்கி நடுக்குழாயைக் காட்டினார். வேகத்தடைகளில் பலமுறை அடிபட்டு, கையகல நீளத்துக்கு அது பாதியாக நசுங்கிக் கிடந்தது. அதாவது, இரண்டு சைலன்சர்களுக்குக் காசு கொடுத்து நான் நீக்கப் பார்த்த தடை சைலன்சரிலேயே இல்லை. நசுங்கிய துண்டை வெட்டி எடுத்து, வளைவில் சப்பிப்போகாத குழாயை அடிச்சட்டத்தோடு ஒட்டி உயர்த்திப் பூட்டி, பின்னால் நிறுவனத்தின் அசல் வடிவச் சைலன்சரையே போட்டுக்கொள்ளச் சொன்னார். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்ததும், பழைய ரப்பர் கொக்கிகளைத் தாமாகவே மாற்றியதும் அவர் வேலையில் எனக்குப் பிடித்தவை.

சைலன்சரை மாற்றினால் எஞ்சின் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்று சிலர் அச்சுறுத்துவதுண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்குப் புகையின் நிலையைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார்கள் இரண்டும் என் வண்டியில் சைலன்சருக்கு வெகு முன்னால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஒட்டியே உள்ளன. எனவே பின்பக்கச் சைலன்சரை மாற்றுவது அவற்றைத் தொடாது. கன்வெர்ட்டரையே வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போடுவது வேறு விஷயம். அதை யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

சட்டத்தையும் கணக்கில் கொண்டேன். கார்கள் ஓடும்போது எழுப்பும் ஒலிக்கு 2005 முதல் 74 டெசிபல் என்ற வரம்பு உள்ளது. அது தயாரிப்பு நிலையில், குறித்த முறைப்படி அளக்கப்படுவது. நிறுவனம் பதிவு செய்த விவரத்திலிருந்து வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒலி, மாசு விதிகளை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கேரளப் பதிவெண் கொண்ட வண்டியை வைத்துக்கொண்டு, எல்லையின் இருபுறமும் நாள்தோறும் விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

பூட்டி எட்டு மாதம் ஆகிறது. மூன்றாம் கியரில் ஏற்றங்களில் இழுவை திரும்பியிருப்பதைக் காலடியிலேயே உணர முடிகிறது, 80இல் ரீங்காரம் அறவே இல்லை, மாமியாரும் பின்னிருக்கைக்குத் திரும்பிவிட்டார். சைலன்சர் பெட்டியின் அடியில் உள்ள சிறு வடிகால் துளையில் காலையில் சொட்டும் நீரைக் கண்டு முதல் வாரம் பயந்தேன். சொட்டுவதுதான் நல்லது, அந்தத் துளையை அடைத்துவிடக் கூடாது. குறை ஒன்று உண்டு: குழாயின் முனை பம்பரின் வெட்டுக்கு நடுவில் இல்லாமல் ஒரு விரல் இடப்புறம் தள்ளி நிற்கிறது. அடுத்த ஆயில் சர்வீஸுக்குப் பொள்ளாச்சியில் வண்டியை விடும்போது கொக்கியை வளைத்து அதைச் சரிசெய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார்.