மந்திரவாதியின் அறை: தாள் அடுக்கா, குறுமாதிரியா?

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக் கிளியின் உடலில் மந்திரவாதியின் உயிர். பாட்டியின் வாயிலாக வந்த அந்தக் கதையுலகை ஓர் அறையாக வடித்துப் புத்தக அலமாரியில் வைக்க வேண்டும் என்ற ஆசையில், மும்பை செம்பூரில் உள்ள எங்கள் வீட்டில் அதே அறையை இருமுறை செய்து பார்த்தேன். முதலில் செய்தது பலகையும் களிமண்ணும் கொண்ட முப்பரிமாணக் குறுமாதிரி. அடுத்தது, வரைந்து வெட்டிய தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய அடுக்கு டயோராமா, அதாவது பெட்டிக்குள் ஆழம் தோன்றும்படி அமைத்த காட்சி. இன்று அலமாரியில் இருப்பது இரண்டாவதுதான் என்பதால், இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைப்பதற்கில்லை.

குறுமாதிரிக்குச் செலவும் நேரமும் கூடுதல் என்பது சொல்லாமலே விளங்கும். பொம்மை வீடுகளுக்கு வழக்கமான 1:12 அளவில், அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், பத்தடி அறை பத்து அங்குல ஆழம் கேட்கும். 1:24இல் அது ஐந்தாகக் குறைந்தாலும் நாற்காலிக் கால் தீக்குச்சியைவிட மெலிந்துவிடும். ஏ4 அளவில் ஏழு தாள்களை 15 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துவதற்கோ ஒன்பது சென்டிமீட்டர் ஆழம் போதும்.

ஆனாலும் குறுமாதிரிக்கென ஓர் அழகு உண்டு. எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் அறை அறையாகவே இருக்கும். அடுக்கு முறையில் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தால் தாள் விளிம்புகள் தெரிந்து மாயம் கலைந்துவிடும். பைகுல்லாவில் உள்ள பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் களிமண் உருவங்களைப் பார்த்துத்தான் எனக்கும் இந்த மோகம் பிடித்தது. அவை கண்ணாடிக்குள், பராமரிப்பதற்கென்றே ஆட்கள் உள்ள இடத்தில் இருக்கின்றன என்பது அப்போது உறைக்கவில்லை.

பராமரிப்பில்தான் என் முடிவு மாறியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. அந்த ஈரத்தைக் குடித்து எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அடித்தளத்தின் ஓரங்கள் உப்பின, காய்ந்தபோதே சுருங்கி விரிசல் கண்டிருந்த களிமண் சுவரில் பூஞ்சணம் படர்ந்தது, பழக்கதோஷத்தில் மைதா பசையால் ஒட்டிய ஓலைச்சுவடிகளை ராமபாணப் பூச்சி அரித்தது. மழை ஓய்ந்ததும் தூசியின் முறை. குப்பிகள், சுவடிகள், கூண்டு என எல்லாம் ஒட்டப்பட்டுவிட்ட அறைக்குள் தூரிகை நுழையாத மூலைகளே மிகுதி. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் ஏதேனும் ஒன்று உடைந்து கையோடு வந்தது.

தாள் மட்டும் ஈரத்துக்குத் தப்புமா என்று கேட்கலாம். தப்பாது, ஆனால் அதன் போக்கை முன்கூட்டியே கணித்து இடம் விடலாம். ஈரம் பட்ட தாள் அதன் இழைத்திசைக்கு, அதாவது நார்கள் ஓடும் திசைக்கு, குறுக்காகவே அதிகம் விரியும். ஆகவே எல்லாத் தாள்களையும் இழை நெட்டுக்குத்தாக நிற்கும்படி வெட்டி, தாள்களைச் செருகும் பெட்டியின் இருபுறக் காடிகளிலும் (பள்ளங்களிலும்) சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விட்டேன். ஜூலையில் அகலும் தாள் நெளியாமல் அந்தத் தளர்வுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் தாள் வளையும் என்பதால் பின்புறத்திலும் மெல்லிய பூச்சு கொடுத்தேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எந்தத் தாளையும் பெட்டியோடு ஒட்டவில்லை என்பதே: ஒன்றை உருவித் துடைத்துத் திரும்பச் செருக ஐந்து நிமிடம் ஆகாது, கறைபட்டால் அந்த ஒரு மலையை மட்டும் மறுபடி வரைந்தால் போதும். பெட்டியின் அடியில் உள்ள, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும்போது அவற்றைச் சூடாக்கி உலர்த்திவிடுகிறேன்.

வெளிச்சத்திலும் தாளுக்கே என் வாக்கு. 1822இல் பாரிசில் ஓவியர் லூயி தாகேர் டயோராமா என்ற பெயரில் திறந்துவைத்ததே, ஒளி ஊடுருவும் திரைச்சீலையில் வரைந்து, முன்னும் பின்னும் வெளிச்சத்தை மாற்றிக் காட்டிய ஓவியக் காட்சிதான். அந்த உத்தியைக் கடன் வாங்கிக் கடைசித் தாளாக டிரேசிங் பேப்பரை வைத்து, முன்பக்கம் வெறும் குகைச் சுவரும் பின்பக்கம் கிளியின் உருவமும் தீட்டினேன். பின்னாலுள்ள எல்இடி விளக்கை ஏற்றும்போதுதான் கிளி தென்படும். தொலைவிலுள்ள மலைகளை வெளிறிய நீலத்தில் வரைந்ததால், ஒன்பது சென்டிமீட்டருக்குள் ஏழு மலைத் தொலைவும் ஓரளவு கூடிவந்தது.

இந்த அடுக்கு இரண்டு மழைக்காலங்களை மட்டுமே கண்டிருக்கிறது. ஐந்தாம் ஆண்டிலும் வண்ணம் மங்காதிருக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. குழந்தைகள் எடுத்து விளையாட வேண்டும் என்போருக்கு இதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். பழைய குறுமாதிரியிலிருந்து மிஞ்சிய செப்புக்கம்பிக் கூண்டை மட்டும் முதல் தாளுக்கு முன்னால் காலியாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அது ஈரத்தில் கறுத்துப்போய்விட்டது; குகைக்குப் பொருத்தமாக இருப்பதால் நான் துலக்கவில்லை.