கையில் ஒரு திட்டம், ஃபைலில் வேறு திட்டம்: ஐரோப்பா டூருக்குப் பணம் கட்டியவர்கள் கவனிக்க

மே லீவில் பேரன் பேத்திகளோடு ஐரோப்பா போக மதுரையில் யாராவது டிராவல்ஸில் பணம் கட்டியிருந்தால், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வருஷம் பேத்தி பத்தாவது, பேரன் எட்டாவது. "இன்னும் ரெண்டு வருஷம் போனா இதுக நம்மகூட எங்க வரப் போகுதுக" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்கவில்லை. அவருடைய ஓய்வுப் பணத்தில் நாங்கள் இருவரும் பிள்ளைகளைக் கூட்டிப்போவது என்று முடிவானது. பாரிஸில் 4 ராத்திரி, சுவிட்சர்லாந்தில் 5 ராத்திரி. பைபாஸ் ரோட்டில் ஒரு டிராவல்ஸ். தெரிந்தவர்கள் காசிக்கு அவர்கள் மூலம் போய்வந்து நல்லபடியாகச் சொல்லியிருந்தார்கள்.

ஜனவரியிலேயே 4,20,000 ரூபாய் கட்டினோம். அதில் 20,000 வெளிநாட்டு டூருக்குப் பிடிக்கும் டிசிஎஸ் வரி, அப்போது 5 சதவீதம். அதை மட்டும் ரொக்கமாகக் கேட்டார்கள். விசா மையத்தில் நேரம் வாங்கித் தர "ஸ்லாட் சார்ஜ்" என்று தலைக்கு 5,000 தனி. விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுக்கக் காசே கிடையாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. விசாக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம், அவ்வளவுதான். 12 வயது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கும் அதே 90.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் எங்களை மார்ச் முழுக்க "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்தார்கள். ஏப்ரலில், சித்திரைத் திருவிழாவுக்கு மாசி வீதியில் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த சமயம், டிராவல்ஸ் தம்பியிடமிருந்து போன். "அம்மா, சுவிஸ் ஸ்லாட் இல்ல. பிரான்ஸ்ல போட்டுருவோம். எல்லாம் ஒரே விசாதானேம்மா, நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கிறோம்."

ஒரே விசாதான், ஒரே ஸ்டிக்கர்தான். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமான நாள் என்றால்தான் முதலில் இறங்கும் நாடு. எங்கள் திட்டப்படி அதிக நாள் சுவிட்சர்லாந்தில்தான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நிரப்பாத படிவத்தை நீட்டினார்கள், நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பிள்ளைகளின் படிவத்தில் மகனும் மருமகளும் போட்டார்கள். பெற்றோர் சம்மதக் கடிதத்தை மட்டும் மகன் நோட்டரியிடம் போய் ஒழுங்காக வாங்கி வைத்திருந்தான்.

கைரேகை வைக்க நாலு பேரும் நேரில் போக வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். மையத்தில் கவுன்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது டிராவல்ஸ் தயார் செய்து தந்த விசா ஃபைலைப் பேத்தி மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "அப்பத்தா, நாம பாரிஸ்ல நாலு ராத்திரிதான? இதுல ஏழுன்னு போட்டிருக்கு. ஓட்டல் பேரும் வேற" என்றாள். பின்பக்கம் திருப்பினால் சுவிட்சர்லாந்துக்கு 2 ராத்திரி. எனக்குத் திக்கென்றது. டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். "அது ஃபார்மாலிட்டிம்மா, விசா வந்ததும் மாத்திக்கலாம், அங்க எதுவும் கேக்காதீங்க" என்றார். நான் பிள்ளையிடம் "பேசாம இரு கண்ணு" என்றேன். அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டும். ஒரு ரயில் டிக்கெட்தான் நஷ்டமாகியிருக்கும்.

மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் நாலும் திரும்பி வந்தன. உள்ளே ஸ்டிக்கர் இல்லை. அச்சடித்த தாளில் ஒரு கட்டத்தில் டிக்: பயணத்தின் நோக்கம், தங்கும் விவரம் பற்றித் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை. பேரன் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "நாம பொய் சொன்னோமா அப்பத்தா?" என்று கேட்டான்.

சென்னைக்குக் கிளம்பும் முன் அந்த ஃபைல் பிடிஎஃப்பாக எங்கள் வாட்ஸ்அப்புக்கே வந்திருந்தது. யாரும் திறக்கவில்லை. மருமகள் அப்புறம் அதிலிருந்த பாரிஸ் ஓட்டலுக்குப் புக்கிங் எண்ணைப் போட்டு மெயில் அனுப்பினாள். மறுநாளே பதில். எங்கள் பேரில் ரூம் போட்டது உண்மை, நாங்கள் சென்னையில் ஃபைல் கொடுத்த இரண்டாம் நாளே கேன்சல் ஆகியிருக்கிறது.

எங்களிடம் தந்த டூர் திட்டத்தையும் அப்போதுதான் உற்றுப் பார்த்தோம். லூவர் மியூசியத்தைச் செவ்வாய்க்கிழமை போட்டிருந்தார்கள். செவ்வாய் அங்கே விடுமுறை. 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அங்கே இலவசம், பிள்ளைகள் இருவருக்கும் டிக்கெட் காசு பிடித்திருந்தார்கள். விசா கிடைத்திருந்தாலும் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்போம்.

பணம் கேட்டால் "விசா தூதரகத்தோட முடிவும்மா, நாங்க என்ன பண்ண முடியும்" என்று 60,000 மட்டும் தந்தார்கள். எங்களிடம் வாங்கிய டிசிஎஸ்ஸை அவர்கள் அரசுக்குக் கட்டியிருந்தால், என் வீட்டுக்காரர் பான் எண்ணில் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் என்ற வரிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். டிசம்பர் வரை பார்த்தோம், ஒரு ரூபாய் வரவில்லை. உங்கள் ஏஜென்ட் டிசிஎஸ் வாங்கியிருந்தால் இன்றைக்கே வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். அந்தப் பணத்தை ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆனால் பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. பல நாட்டு விசாப் படிவங்களில் "இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா" என்று ஒரு கேள்வி இருக்கிறது. நாளைக்கு மேல்படிப்புக்கு வெளிநாடு போவதென்றால், 16 வயசுப் பிள்ளையும் 13 வயசுப் பிள்ளையும் அதில் "ஆம்" என்று எழுதி விளக்கம் கொடுக்க வேண்டும். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. அதனால் கேட்கிறேன்: ஃபைலை மூடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். ஓட்டலுக்கு நீங்களே மெயில் போடுங்கள். விமான பிஎன்ஆரை ஏர்லைன் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். நிரப்பாத படிவத்தில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தோம், பலன் இல்லை. இப்போது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள், ஓட்டலின் மெயில் எல்லாவற்றையும் பேத்திதான் தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டுக் கொடுத்தாள்.