சதர்லாந்து சால்ட் தொலைநோக்கி: அப்பாவோடு ஒரு பகல், ஓர் இரவு

தென்னாப்பிரிக்காவின் சால்ட் (Southern African Large Telescope) என்ற பெரிய தொலைநோக்கி இருப்பது சதர்லாந்தில். கேப்டவுனிலிருந்து அங்கே போக, என்1 சாலையில் மாய்க்கிஸ்ஃபொன்டேன் வரை வந்து வடக்கே திரும்ப வேண்டும். அப்புறம் 110 கிலோமீட்டருக்கு வெறும் கரூ பொட்டல்தான். பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். நாங்கள் போனது ஜூனில், அங்கே அது குளிர்காலம். தங்கிய விடுதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அப்பா ராத்திரி முழுக்க ஸ்வெட்டரோடு படுத்திருந்தார். அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பகல் சுற்று, இரவுச் சுற்று என்று இரண்டு உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பகலில் போங்கள். சால்ட்டை உள்ளே போய்ப் பார்ப்பது அப்போதுதான்.

அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு மாதிரி 91 அறுகோணக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். எல்லாம் ஒரே கோளத்தின் துண்டுகள், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே வளைவு. அப்பா பொதுப்பணித்துறையில் எஸ்டிமேட் போட்டே ஓய்வு பெற்றவர். "ஒரே சென்ட்ரிங்கை 91 தடவை போட்டிருக்கான்மா, செலவு குறையாம என்ன செய்யும்!" என்றார். தொலைநோக்கியின் சாய்வும் மாறாது. அடித்தளத்தின் மேல் பக்கவாட்டில் மட்டும் சுழலும். மேலே இருக்கிற கருவி நகர்ந்து நட்சத்திரத்தைத் தொடரும். வானத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, கையிலிருந்த பணத்துக்கு ஒரு பெரிய கண்ணாடியை வாங்கியிருக்கிறார்கள். 2005இல் திறந்தார்கள், இன்றுவரை ஓடுகிறது.

பகல் சுற்று முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அப்பாவுக்கு அமெரிக்கக் கதை சொன்னேன். அமெரிக்கர்கள் முன்னெடுக்கும் இரண்டு ராட்சதத் தொலைநோக்கித் திட்டங்கள். சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடிகள் ஏழு கொண்ட ஜயண்ட் மெகல்லன். ஹவாயில் 492 துண்டுகளோடு முப்பது மீட்டர் தொலைநோக்கி. 492 துண்டுகளுக்கு 82 வகை வடிவம்! இரண்டும் அரசுப் பணத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தன. 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய அறிவியல் வாரியம் 160 கோடி டாலர்தான் உச்சவரம்பு என்றது. அது இரண்டுக்கும் காணாது. 2025இல் மெகல்லனை மட்டும் இறுதி வடிவமைப்புக் கட்டத்துக்கு நகர்த்தினார்கள். அதற்குள் ஐரோப்பியர்கள் சிலியில் தங்கள் 39 மீட்டர் தொலைநோக்கியைப் பாதிக்கு மேல் எழுப்பிவிட்டார்கள். முப்பது மீட்டர் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி என்பதால் எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒன்றுக்குத்தான் பணம் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால், எத்தனை பேருடைய உழைப்பு வீணாகாமல் இருந்திருக்கும்!

இரவுச் சுற்றில் பார்வையாளர்களுக்கென்று வைத்த சிறிய தொலைநோக்கிகள்தான். ஆய்வுத் தொலைநோக்கிகள் பக்கம் விடமாட்டார்கள், அது சரிதான். கையுறை கட்டாயம். திரிசங்கு (தென்சிலுவை) விண்மீன் கூட்டத்தைக் கண்ணாலேயே கண்டுபிடித்துக் காட்டினார் அப்பா. பிறகு சால்ட் கோபுரம் இருந்த இருட்டுப் பக்கம் திரும்பி, "இதுல நம்ம ஊர்ப் பணமும் இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்குப்பா, புனேயில் இருக்கும் ஐயுகா என்ற வானியல் ஆய்வு மையம் இதில் பங்காளி என்றேன். குளிரில் விரல் மரத்துப்போயும், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று நின்றார்.